வெளிநாட்டு டீம் கூட சேர்ந்து ரிசர்ச் பண்ணலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தேனருவி:
எல்லாருக்கும் வணக்கம். மைக்ரோபயாலஜில பிஎச்டி மூணாவது வருஷம். முதல் ப்ராஜெக்ட் ஒரு ஐரோப்பிய யூனிவர்சிட்டியோட பண்ணோம். காலைல அஞ்சு மணிக்கே ஐஸ் பாக்ஸ தூக்கிட்டு ஊர் ஊரா போய் குடிதண்ணி சாம்பிள் எடுப்பேன், ஈரத்துல மை அழிஞ்சிடும்னு ஒவ்வொரு லேபிள் மேலயும் செல்லோடேப் ஒட்டுவேன். பேப்பர் வந்தப்போ என் பேரு கடைசில நன்றி சொல்ற பத்தில இருந்துச்சு, அவ்வளவுதான். அம்மாகிட்ட காட்டணும்னு பிரிண்ட் எடுத்தேன், காட்டவே இல்ல. இப்போ வேற நாட்டு டீம் கூப்பிடுறாங்க, குழந்தைங்களோட மல சாம்பிள் வச்சு ஸ்டடி, ஃபண்டிங்கும் நல்லாருக்கு. போகவா வேணாமா?

பழைய_லேப்காரன்:
போம்மா. ஆனா ஆராய்ச்சிக்கான கேள்வி யாரோடதுன்னு முதல்ல பாரு. சென்னை சேத்துப்பட்டுல இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956ல ஆரம்பிச்சது, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்), மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் நாலு பேரும் சேர்ந்து. டிபின்னா சானடோரியத்துல, அதாவது காசநோய்க்காரங்கள தங்க வைக்கிற ஆஸ்பத்திரில, படுத்தே ஆகணும், நல்ல காத்து நல்ல சாப்பாடு வேணும்னு உலகமே நம்பிட்டு இருந்த காலம் அது, நம்மகிட்டயோ அத்தனை பேருக்கு பெட்டே கிடையாது. அப்போ வீட்ல வச்சே குணப்படுத்த முடியுமாங்கிறதுதான் கேள்வி, அது நம்மூரு கேள்வி. 193 பேஷண்ட்டுல பாதி பேர் சானடோரியம், பாதி பேர் வீடு, ரெண்டு பக்கமும் ஒரே மருந்து ஒரு வருஷம். வீடுன்னா நெருக்கியடிச்சு குடும்பமே படுக்குற வீடு, சாப்பாடும் குறைச்சல். 1959ல ரிசல்ட் வந்துச்சு, வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, கூட இருந்தவங்களுக்கு அதனால நோய் கூடுதலா பரவவும் இல்ல. அப்புறம் பணக்கார நாட்டுக்காரங்களே சானடோரியத்த மூட ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க, நிலையம் இன்னைக்கும் இங்கதான் நிக்குது. எனக்கு கூட்டு ஆராய்ச்சின்னா அதுதான்.

கடலோரம்:
அண்ணா சொல்றது சரி, ஆனா எல்லா இடத்துலயும் அப்படி நடக்கல. இந்தோனேசியா கதைய பாருங்க. பறவைக்காய்ச்சல் வைரஸ் சாம்பிள அவங்க அனுப்பிட்டே இருந்தாங்க, அத வச்சு ஆஸ்திரேலிய கம்பெனி தடுப்பூசி செஞ்சுச்சு, ஆனா செத்துட்டு இருந்த ஜனங்களுக்கு அது கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. 2007ல அவங்க சுகாதார அமைச்சர் சித்தி ஃபதீலா சுபாரி இனிமே சாம்பிள் தரமாட்டோம்னு நின்னாங்க. உலகத்துக்கே ஆபத்துன்னு திட்டு வாங்கினாங்க, ஆனா 2011ல உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ வைரஸ் சாம்பிளையும் அதுல கிடைக்கிற தடுப்பூசி மாதிரி பலனையும் பங்கிடுறதுக்கு விதிமுறை கொண்டு வந்ததுக்கு அந்த பிடிவாதம்தான் முக்கிய காரணம். சாம்பிள் கைய விட்டுப் போறதுக்கு முன்னாடி கேட்டாதான் மரியாதை.

மதுரைக்காரி:
தேனருவி, ஒண்ணு கேக்குறேன் தப்பா நினைக்காதீங்க. உங்க பேர விட்டது அவங்களா, இல்ல நம்ம பக்கத்து பிஐ-யா (ப்ராஜெக்ட்ட நடத்துற தலைமை ஆராய்ச்சியாளர்)? ஆத்தர் லிஸ்ட் நிறைய தடவ இங்கதான் முடிவாகுது. அத முதல்ல விசாரிங்க. புது ப்ராஜெக்ட் மனுஷ சாம்பிள், அதனால எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தவிர ஐசிஎம்ஆர் வழியா ஹெச்எம்எஸ்சி (சுகாதார அமைச்சகத்தோட பரிசீலனைக் குழு) அப்ரூவலும் வேணும், சாம்பிள் வெளிய போகுதுன்னா எம்டிஏ (சாம்பிள கைமாத்துறதுக்கான ஒப்பந்தம்) கையெழுத்தாகணும். மிச்ச சாம்பிள் யார்கிட்ட இருக்கும், சீக்வென்சிங் (டிஎன்ஏ வரிசைய படிக்கிற வேலை) இங்கயே பண்ண முடியுமா, பேப்பர் எழுதுறதுல யாரு, எல்லாத்தையும் மெயில்ல கேளுங்க, போன்ல வேணாம்.

தேனருவி:
மேடம், விசாரிச்சேன். லிஸ்ட் இங்க இருந்துதான் போயிருக்கு. ரெண்டு நாளா சரியா தூக்கம் இல்ல. புது டீமுக்கு நீங்க சொன்னதெல்லாம் மெயில் போட்டுட்டேன், சீக்வென்சிங் ட்ரெய்னிங் இங்கயே தர்றோம்னு பதில் வந்திருக்கு, ஆத்தர்ஷிப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல. வந்ததும் இங்க எழுதுறேன்.