சுண்ணாம்பு நீர் மீண்டும் தெளியும் வரை

சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும் வாயு காபனீரொட்சைட்டு என்பதை எங்கள் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆனால் நிறம் மாறிய உடனேயே குழாயை வெளியே எடுத்துவிடுவதால், சோதனையின் மிகச் சிறந்த பகுதியைக் காணாமலே பலர் பாடசாலையை முடிக்கிறார்கள் என்பது, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் விஞ்ஞானம் கற்பித்த எனது கவலை.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் இரசாயனப் பொருட்கள் அரிதாகியிருந்த காலத்தில், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலிருந்தே இந்நீரைத் தயாரித்தோம். ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 1.5 கிராம் கல்சியம் ஐதரொட்சைட்டே (சுண்ணாம்பின் இரசாயனப் பெயர்) கரையும் என்பதால், ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்பு பெரிய போத்தல் ஒன்றுக்குப் போதுமானது. கிணற்று நீரிலுள்ள கல்சியம் இருகாபனேற்று, சுண்ணாம்பு சேர்ந்ததுமே வெண்ணிறமாகப் படிந்து சுண்ணாம்பில் ஒரு பங்கை வீணாக்கிவிடும். ஆகவே மழைநீரையே பயன்படுத்தினோம். நன்கு குலுக்கி, இரவு முழுவதும் அடையவிட்டு, தெளிந்த நீரை வடிதாளில் வடித்து, போத்தலின் கழுத்துவரை நிரப்பி இறுக மூடிவைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள சிறிதளவு காபனீரொட்சைட்டே போதும், மேற்பரப்பில் வெள்ளை ஆடை படர்ந்துவிடும். சலவைக்கல் துண்டுகளுக்குப் பதிலாக வளவில் கிடந்த சுண்ணக்கற்களை உடைத்து வினாகிரியில் இட்டோம். வாயு தாராளமாகவே வந்தது.

அப்படியொரு வகுப்பில், பால்நிறம் வந்த பின்னரும் வாயுவைத் தொடர்ந்து செலுத்தும்படி சொன்னேன். கலங்கல் சிறிது சிறிதாக மறைந்து நீர் மீண்டும் தெளிந்தபோது, "ரீச்சர், இப்ப உள்ளுக்குப் போறது வேறை வாயுவோ?" என்று ஒரு மாணவி கேட்டாள். வாயு அதுவே என்றும், முதலில் உருவான கரையாத கல்சியம் காபனேற்று, மேலதிக காபனீரொட்சைட்டுடனும் நீருடனும் சேர்ந்து கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாறுகிறது என்றும் விளக்கி, அந்தத் தெளிந்த நீரைச் சூடாக்கச் சொன்னேன். வெண்மை திரும்பி வந்தது. "எங்கடை கேத்திலுக்குள்ளை பிடிக்கிற வெள்ளையும் இதுதானோ?" என்று அவள் அடுத்துக் கேட்டதை, என் கற்பித்தல் வாழ்வின் மிக நல்ல கேள்விகளுள் ஒன்றாக இன்றும் கருதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரைக்கடியிலும் நடப்பது இதுவே. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், மயோசீன் என்னும் மிகப் பழைய புவியியற் காலத்துச் சுண்ணக்கல்லை மிக நீண்ட காலமாகக் கரைத்துக் குகைகளையும் பிளவுகளையும் உண்டாக்கியிருக்கிறது. குடாநாட்டின் ஆழமான இயற்கைக் கிணறான நிலாவரைக் கிணறு அவ்வாறு தோன்றியதுதான் என்று சொன்ன பின்னர், சோதனைக்குழாயை அந்தப் பிள்ளைகள் பார்த்த விதமே வேறாக இருந்தது.

இச்சோதனையைச் செய்விக்கும் ஆசிரியர்கள் கந்தகவீரொட்சைட்டையும் மறக்காமல் காட்ட வேண்டும். அதுவும் சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும். மிகையாகச் செலுத்தினால் தெளியவும் செய்யும். காரமான மணம் அதனைக் காட்டிக்கொடுக்கும் என்றாலும், மணத்தை மட்டும் நம்பி முடிவெழுதுவதை நான் ஏற்பதில்லை. அமிலமாக்கிய பொற்றாசியம் இருகுரோமேற்றில் தோய்த்த வடிதாளை வாயுவில் பிடித்து, கந்தகவீரொட்சைட்டில் மாறுவதுபோல் செம்மஞ்சள் நிறம் பச்சையாக மாறவில்லை என்பதைக் கண்ட பின்னரே காபனீரொட்சைட்டு என்று எழுதச் சொல்வேன்.