'வளவு' குடும்பக் குழுவில் பனிமலைப் பேச்சு

(செட்டிநாட்டுப் பேச்சில் அப்பச்சி – அப்பா, ஆத்தா – அம்மா, ஆச்சி – அக்கா, அயித்தான் – அத்தான், அம்மான் – மாமா, அண்ணமிண்டி – அண்ணி. ராமநாதனும் மீனாவும் முத்துவின் பெற்றோர்; சொக்கு, கண்ணனின் அப்பா.)

உமையாள் அயித்தை: [பனிச்சரிவு வீடியோ, பலமுறை பகிரப்பட்டது]

உமையாள் அயித்தை: முத்து இது உங்க ஊரா? மலையே சரிஞ்சு விழுகுது. இங்கயா எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போற? மீனா அண்ணமிண்டி போன்ல சொன்னதுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல

சொக்கு சித்தப்பா: யாரு, அண்ணனா? பனியிலயா?

கண்ணன் டல்லாஸ்: ஆமா அப்பச்சி. நானும் போறேன். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்

சொக்கு சித்தப்பா: எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல

கண்ணன் டல்லாஸ்: ஆத்தாகிட்ட சொன்னேனே

முத்து டென்வர்: அயித்தை, அந்த வீடியோவுல எந்த ஊர்னே இல்ல. நாங்க போற பாதை அப்படிச் செங்குத்து கிடையாது. விவரமா எழுதுறேன், எல்லாரும் முழுசாப் படிங்க. பிப்ரவரில மூணு நாள் சேந்தாப்புல லீவு வருது. இங்க கொலராடோவுல லெட்வில் ஊருக்கு வடக்கே டென்னசி பாஸ்னு ஒரு கணவாய். அந்தப் பக்கம் காட்டுக்குள்ள மரவீடுக இருக்கு, ஹட்னு சொல்லுவாங்க. ரெண்டாம் உலகப் போர்ல பனிமலையில சண்டை போடுறதுக்குன்னே 10வது மவுண்டன் டிவிஷன் படைக்கு அங்க கேம்ப் ஹேல்லதான் பயிற்சி குடுத்தாங்க. அந்தப் படை பேர்லயே 1982ல இருந்து ஹட் நடத்துறாங்க. விறகடுப்பு, மெத்தை, பாத்திரம் எல்லாம் உள்ளயே இருக்கும். குழாய்த் தண்ணி கிடையாது, பனியை அள்ளி உருக்கித்தான் குடிக்கணும். கார் போகாது. பனியில கால் புதையாம இருக்க ஷூவுக்கு அடியில அகலமா ஸ்னோ ஷூ மாட்டிட்டு நடக்கணும். ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் இறங்கிருவோம்.

உமையாள் அயித்தை: சரிவு?

முத்து டென்வர்: அதுக்குத்தான் வர்றேன். பனி சரியிறது பெரும்பாலும் 30 டிகிரில இருந்து 45 டிகிரி சாய்வுல. மேப்ல சாய்வைக் கலர் கலராக் காட்டும், அந்த இடத்தைத் தொடவே மாட்டோம். அதுக்குக் கீழ அடிவாரத்துலயும் நிக்கக்கூடாது, மேல சரிஞ்சா அங்கதான் வந்து விழும். கொலராடோவுல சீசன் ஆரம்பத்துல விழுந்த பனி அடியில ஒட்டாம உதிரியாவே கெடக்கும், மேல கனம் ஏறினா வழுக்கும். காலுக்கடியில 'வும்ப்'னு அமுங்குற சத்தம் கேட்டா உடனே திரும்பணும். கொலராடோ அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சென்டர்னு பனிச்சரிவுத் தகவல் மையம் இருக்கு, அவுக தெனமும் 1ல இருந்து 5 வரைக்கும் அபாய அளவு போடுவாங்க. 3ன்னு வந்தாலே பயணம் ரத்து. ஆளுக்கு ஒரு பீக்கன் (புதைஞ்ச இடத்தைக் காட்டிக் குடுக்க சிக்னல் விடுற கருவி), பனிக்குள்ள குத்திப் பாக்க ஒரு நீளக் கம்பி, ஒரு மண்வெட்டி. புதைஞ்ச ஆளைக் கால்மணி நேரத்துக்குள்ள எடுத்தாத்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். ரெஸ்க்யூ ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, கூட இருக்கவகளே தோண்டணும்.

உமையாள் அயித்தை: புதைஞ்ச ஆளா????

உமையாள் அயித்தை: வேணாம் சாமி

வள்ளி நியூஜெர்சி: டேய் அயித்தைகிட்ட ஏண்டா இதெல்லாம்

முத்து டென்வர்: மறைச்சுட்டுப் போறது நல்லதா ஆச்சி? ஒரு ஆபத்தும் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். எது எதுக்குத் திரும்பி வருவோம்னு போறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியணும்.

சொக்கு சித்தப்பா: அண்ணன் பழனிக்கு நடந்த காலு. பயப்படாதீக

ராமநாதன்: இந்த வருசம் பழனி நடைக்குப் போக முடியல. குன்னக்குடியில காவடி கெளம்புறப்ப நான் இங்க சோபாவுல உக்காந்து போன்ல பாக்கணும். எங்கயாவது நடந்தே ஆகணும் எனக்கு

லெட்சுமணன் டாக்டர்: காலு சரி அம்மான். மூச்சு?

ராமநாதன்: எனக்கு ஒண்ணும் இல்ல

மீனா: போன வாரம் மாடி ஏறி மூச்சு வாங்குனதைச் சொல்லுங்க

ராமநாதன்: அரிசி மூட்டையத் தூக்கிட்டு ஏறுனேன்

கண்ணன் டல்லாஸ்: 😂

முத்து டென்வர்: அயித்தான் சொல்றதுதான் முக்கியம். டென்வர் 1,609 மீட்டர். கொடைக்கானலே 2,100தான். ஹட் 3,300 கிட்ட. அங்க ஒரு மூச்சுல கெடைக்கிற ஆக்சிஜன் காரைக்குடியைவிட மூணுல ஒரு பங்கு கம்மி.

உமையாள் அயித்தை: கொடைக்கானல்னதும் ஞாபகம் வருது. எல்லாரையும் விட்டுட்டு சொக்கு முன்னால போயி மஞ்சுக்குள்ள காணாமப் போனான்ல

சொக்கு சித்தப்பா: வழி பாக்கப் போனேன்

உமையாள் அயித்தை: அப்பத்தா ரோட்டுல உக்காந்து அழுதாக

ராமநாதன்: பழையதை விடு. நடையில களைச்சவனை விட்டுட்டு யாரும் போக மாட்டோம். அதே மாதிரிதான் இங்கயும். யாரு மெதுவா நடக்குறாகளோ அவுக வேகம்தான் எல்லாருக்கும்

லெட்சுமணன் டாக்டர்: அம்மான் டென்வர்ல ஒரு மாசமா இருக்காக, அது நல்லது, ஆனா பத்தாது. 2,500 மீட்டருக்கு மேல தூங்கும்போதுதான் தலைவலி குமட்டல் எல்லாம் வரும். நடுவுல எங்கயாவது தங்குங்க. தலைவலி கூடிக்கிட்டே போனா, தள்ளாட்டம் வந்தா, சும்மா உக்காந்திருக்கப்பவே மூச்சுத் திணறுனா கீழ எறங்கிரணும், மாத்திரை போட்டு அங்கயே சமாளிக்கக்கூடாது. பிபி மாத்திரை எதுன்னு தனியா அனுப்பு முத்து. அங்க டாக்டர்கிட்ட ஈசிஜி, டிரெட்மில் பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்

முத்து டென்வர்: வெள்ளி ராத்திரி ஃபிரிஸ்கோல தங்குறோம், அது 2,770 மீட்டர்

லெட்சுமணன் டாக்டர்: ரெண்டு ராத்திரியா ஆக்கு

முத்து டென்வர்: ஹட்டு சனிக்கிழமைக்குத்தான் புக் ஆயிருக்கு. ஞாயிறுக்கு மாத்த முடியுமான்னு கேக்குறேன். லீவு நாள்ல இடம் கெடைக்கிறது கஷ்டம்

சொக்கு சித்தப்பா: எல்லாரும் இருக்கீக, ஒரு விசயம். நம்ம ஊர் வீட்டுல ரெண்டாங்கட்டு ஓடு பூராவும் போச்சு. மழைக்குப் பட்டாலை வரைக்கும் தண்ணி. பங்குப் பணம் இன்னும் ரெண்டு வீட்டுல இருந்து வரணும்

வள்ளி நியூஜெர்சி: சித்தப்பா இப்பவா

சொக்கு சித்தப்பா: வேற எப்ப? எல்லாரும் பதில் போடுறது இன்னிக்குத்தான்

ராமநாதன்: போன தடவை ஓட்டுக்குக் குடுத்ததுக்குக் கணக்கு வந்துச்சா

சொக்கு சித்தப்பா: நோட்டு பெட்டகத்துல இருக்கு. வந்து பாருங்க

கண்ணன் டல்லாஸ்: அப்பச்சி போட்டோ எடுத்துப் போடுங்களேன்

மீனா: முத்து, அப்பச்சி பருத்தி பனியன் இல்லாம இருக்க மாட்டாகளே

முத்து டென்வர்: பருத்தி கூடவே கூடாது ஆத்தா. வேர்வையில நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை இழுத்துரும். கம்பளி உள்சட்டை வாங்கியாச்சு. கெளம்பும்போது லேசாக் குளிரணும், அப்பத்தான் ஏறும்போது வேர்க்காது. நின்ன உடனே தடி ஜாக்கெட்டைப் போட்டுக்கணும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைப் பொசுக்கிரும்.

உமையாள் அயித்தை: சாப்பாட்டுக்கு?

முத்து டென்வர்: அந்த உயரத்துல தண்ணி 89 டிகிரிலயே கொதிச்சுரும், அரிசி சீக்கிரம் வேகாது. சாதத்தை இங்கயே வடிச்சு எடுத்துட்டுப் போயி அங்க சூடு பண்ணிக்குவோம். தண்ணி பாட்டிலைப் பையில தலைகீழா வைக்கணும், மேல இருந்துதான் உறைய ஆரம்பிக்கும், அப்பத்தான் மூடிகிட்ட அடைக்காது.

உமையாள் அயித்தை: மாவுருண்டை பிடிச்சு அனுப்புறேன்

முத்து டென்வர்: அனுப்புங்க அயித்தை, அதைவிட நல்ல சாப்பாடு இல்ல. பாசிப்பயறு, நெய், சீனி, ஒரு உருண்டைக்கு ஒரு மைல் நடக்கலாம். குளிர்ல கல்லாட்டம் ஆயிரும், உள்பக்கச் சட்டைப் பையில வச்சுக்கிட்டா இளகிரும்.

வள்ளி நியூஜெர்சி: போன் எடுக்குமா அங்க

முத்து டென்வர்: எடுக்காது. சேட்டிலைட் கருவி ஒண்ணு இருக்கு, ரெண்டு வரி அனுப்பலாம். காரைக்குடி எங்களைவிட பன்னெண்டரை மணி நேரம் முன்னாடி, நாங்க மதியம் கார்கிட்ட வரும்போது அங்க நடு ராத்திரி தாண்டியிருக்கும். அதனால பொறுப்பு வள்ளி ஆச்சிக்கு. பாதை மேப், கார் நம்பர், யார் யார் போறோம் எல்லாம் அனுப்புறேன். இறங்குற அன்னிக்கு எங்க நேரம் சாயங்காலம் 5 மணி வரைக்கும் தகவல் இல்லைன்னா அந்தக் கவுண்டி ஷெரிஃப் ஆபீசுக்கு, அதாவது அந்த வட்டாரப் போலீசுக்கு, கூப்பிடணும். ஏறுற அன்னிக்கு மதியம் 1 மணிக்கு ஹட் பக்கத்துல வரலைன்னா திரும்பிருவோம். ஆறு மணி வாக்குல இருட்டிரும், ராத்திரி மைனஸ் 15க்குக் கீழ போகும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். அப்பச்சி சொன்னாலும்.

ராமநாதன்: சரிடா

மீனா: அவுக சரின்னு எழுதுனதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்க

வள்ளி நியூஜெர்சி: 5 மணி உங்க நேரம்னா எனக்கு 7. சரி. அயித்தைக்கு நானே போன் பண்றேன், நீ குரூப்ல போடாத

உமையாள் அயித்தை: நான் தூங்க மாட்டேன், எத்தனை மணின்னாலும் போடு

லெட்சுமணன் டாக்டர்: ரிப்போர்ட் வரட்டும். அது வரைக்கும் அம்மான் பேரைச் சேக்காதே

முத்து டென்வர்: வியாழக்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட். சரியில்லைன்னா நானும் கண்ணனும் மட்டும் போறோம், அப்பச்சி ஃபிரிஸ்கோ வரைக்கும். அங்கயே ஸ்னோ ஷூ போட்டு ஏரியோரமா நடக்கலாம்

ராமநாதன்: அதை வியாழக்கிழமை பேசுவோம்

உமையாள் அயித்தை: உருண்டையை யார்கிட்ட குடுத்துவிட?

கண்ணன் டல்லாஸ்: எங்க மாமியார் வாறாக 8ம் தேதி. திருச்சி வரைக்கும் கொண்டு வந்து குடுக்கணும்

சொக்கு சித்தப்பா: நான் குடுத்துர்றேன். அப்படியே ஓட்டு எஸ்டிமேட்டும் குடுத்து விடுறேன்

ராமநாதன்: கணக்கு நோட்டையும்