டெல்லியில் மூன்று நாள்: குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

தெற்குவாசல்:
எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு டெல்லி போகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பையன், அப்பா (71), அம்மா (66). வியாழன் இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சனி காலை டெல்லி. திங்கள் இரவு அதே வண்டியில் திரும்புகிறோம்.

போட்டு வைத்திருக்கும் திட்டம்: சனிக்கிழமை குதுப் மினார், ஹுமாயூன் சமாதி. ஞாயிறு ஆக்ரா. திங்கள் காலை குடியரசுத் தலைவர் மாளிகை, மதியம் செங்கோட்டை, அப்புறம் ஸ்டேஷன்.

கணவர் மாளிகை வேண்டாம் என்கிறார். வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்தால் போதுமாம். அப்பா உள்ளே போயே ஆக வேண்டும் என்கிறார். வீட்டில் நான்கு நாளாக இதே பஞ்சாயத்து. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அரை நாள் செலவழிக்கத் தகுமா?

ரயில்பித்தன்:
தகுமா தகாதா என்பது இருக்கட்டும் சகோதரி. திங்கட்கிழமை மாளிகையும் விடுமுறை, செங்கோட்டையும் விடுமுறை. உங்கள் மூன்றாம் நாள் இப்போதே காலி.

என் ஓட்டு உங்கள் கணவருக்கு. கணக்கு இதுதான். டிசம்பரில் வடக்கே பனிமூட்டம் தொடங்கிவிடும். ஆக்ரா தாண்டியதும் வண்டி எப்போது வேண்டுமானாலும் ஊர்ந்து போகலாம். காலையில் வர வேண்டிய வண்டியில் மத்தியானம் இறங்கியவன் நான். அதனால் சனி காலைக்கு நேரம் குறித்த எந்த டிக்கெட்டும் எடுக்கக் கூடாது. திங்கள் விடுமுறை. மிச்சம் ஞாயிறு ஒரே நாள். அந்த ஒரு நாளில் வயதானவர்களை வைத்துக்கொண்டு செங்கோட்டை, சாந்தினி சௌக், ராஜ்காட் பார்ப்பீர்களா, ஒரு மாளிகையில் வழிகாட்டி காட்டும் நாலு கூடத்தைப் பார்ப்பீர்களா? கட்டணம் தலைக்கு 50 ரூபாய்தான். ஆனால் கொடுப்பது 50 ரூபாய் இல்லை, அரை நாள்.

கரோல்பாக் வாசி:
டெல்லிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போயே கால் தேய்ந்தவன். ரயில்பித்தன் கணக்கு சரி, முடிவுதான் தலைகீழ்.

மாளிகையை மீந்த நேரத்தில் செருகப் பார்ப்பதால்தான் சிக்கல். குதுப் மினாருக்கு நினைத்த நேரத்தில் போகலாம், வாசலிலேயே டிக்கெட் உண்டு. மாளிகைக்கு அப்படி முடியாது. அவர்கள் தளத்தில் நாளும் நேரமும் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே ஞாயிறு காலையை முதலில் பிடியுங்கள், மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிதான் விடுமுறை, திங்கள் திறந்திருக்கும். ஆக்ராவைத் திங்களுக்குத் தள்ளுங்கள். ஞாயிறு மதியம் செங்கோட்டை. முடிந்தது.

மெட்ரோவில் சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கினால் மாளிகை பக்கம்தான். ஆனால் அந்த வளாகத்துக்கு வாசல்கள் ஏராளம். எந்த எண் கேட்டில் வரச் சொல்கிறார்கள் என்பதைப் பதிவுச் சீட்டில் பார்த்து, அந்த எண்ணை ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். 'ராஷ்டிரபதி பவன்' என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். எல்லாருடைய அடையாள அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும்.

பூண்டுரசம்:
அசல் என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போடுங்கள். வேறொரு மாநிலத்தில் ஓர் அரசுக் கட்டடத்துக்கு (பெயர் வேண்டாம்) ஆதார் ஜெராக்ஸை மட்டும் மடித்து எடுத்துப் போனேன். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் சுற்றினார்கள். நான் எதிரே மரத்தடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். இன்றுவரை வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சிவப்புக்கல்:
கணவர் 'வெளியே நின்று போட்டோ' என்கிறாரே, அதில்தான் ஒரு சின்னச் சிக்கல்.

இந்தியா கேட்டிலிருந்து கர்த்தவ்ய பாதையில் மாளிகையை நோக்கி நடந்து பாருங்கள். தூரத்தில் குவிமாடமும் தூண் வரிசையும் தெரியும். கிட்டப் போகப் போகப் பெரிதாக வேண்டும் இல்லையா? ஆகாது. விஜய் சௌக் வரும்போது தூண்கள் தரைக்குள் இறங்கிவிடும். குவிமாடத்தின் மேல்பகுதி மட்டும் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி மேட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும். மேடேறி வடக்கு, தெற்கு பிளாக்குகளுக்கு நடுவே போனால்தான் கட்டடம் மறுபடி எழுந்து வரும்.

காரணம் அந்தச் சரிவு. மாளிகையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். இரண்டு செயலகக் கட்டடங்களும் ஹெர்பர்ட் பேக்கருடையவை. பேக்கர் தன் கட்டடங்களையும் ரைசினா மேட்டின் மேலேயே வைத்தார். லட்யன்ஸும் முதலில் ஒப்புக்கொண்டார். பிறகுதான் தன் மாளிகை பாதி மறைகிறது என்று உறைத்தது. சரிவை மாற்றச் சொல்லி வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார், நடக்கவில்லை. நெப்போலியன் தோற்றது வாட்டர்லூவில், நான் தோற்றது 'பேக்கர்லூ'வில் என்று கசப்பாகச் சொல்லிக்கொண்டார். கட்டியவருக்கே சரியாகத் தெரியாத கோணத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவதற்கா 2,000 கிலோமீட்டர்?

உள்ளே போனால் தூண்களின் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள் பையனை. மூலைக்கு ஒன்றாகக் கல் மணி தொங்கும். கர்நாடகத்து மூடபித்ரி சமணக் கோயில் தூண்களிலிருந்து எடுத்த யோசனை என்பார்கள். மணி ஒலித்தால் அரச வம்சம் முடியும் என்று ஒரு பழங்கதை. கல் மணி ஒலிக்காது, ஆகவே ஆட்சி நிலைக்கும் என்று வைத்ததாகவும் ஒரு கதை உண்டு. கட்டி முடித்தது 1929. பதினெட்டே வருடத்தில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

மண்வெட்டி:
குவிமாடம், கல் மணி எல்லாம் சரி. கல் எங்கே நிற்கிறது என்று யாரும் பேசவில்லையே.

1911 டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். உடனே 1894ஆம் வருட நில எடுப்புச் சட்டத்தைக் காட்டி ரைசினா, மால்ச்சா போன்ற கிராமங்களின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். இழப்பீடு வரவில்லை என்று மால்ச்சாக்காரர்களின் வாரிசுகள் நூறு வருடம் கழித்தும் நீதிமன்றம் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வைஸ்ராய் குடியிருக்க 340 அறை. வெள்ளைக்காரன் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கக் கட்டிய வீட்டை, இன்று வரிசையில் நின்று, 50 ரூபாயும் கொடுத்து அண்ணாந்து பார்க்க வேண்டுமா?

சிவப்புக்கல்:
தோழர், அப்படிப் பார்த்தால் தாஜ்மகாலையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எந்த அரசன் சும்மா கட்டினான்?

மண்வெட்டி:
தாஜ்மகாலில் இன்று யாரும் ஆட்சி செய்யவில்லை. இது நடப்பு அதிகாரத்தின் வீடு, வித்தியாசம் உண்டு. அதைவிடப் பாராளுமன்றத்துக்குப் போகலாம். நாம் ஓட்டுப் போட்ட இடம். எம்.பி. கடிதம் வாங்கினால் பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம்.

கரோல்பாக் வாசி:
மண்வெட்டி, ஆசைக்குச் சொல்லலாம். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவை மாடத்திலிருந்து இரண்டு பேர் உள்ளே குதித்துப் புகைக்குப்பியைத் திறந்தார்களே, 2001 தாக்குதலின் அதே நாளில். அப்போது பார்வையாளர் பாஸையே நிறுத்தி வைத்தார்கள். கூட்டத்தொடர் நடக்கிற டிசம்பரில், ஐந்து பேருக்கு, எம்.பி. அலுவலகத்துக்கு நடையாய் நடந்து... இதற்கு நேரம் இருந்தால் அவர்கள் ஜெய்ப்பூரே போய்வந்துவிடலாம்.

தெற்குவாசல்:
திங்கள் விடுமுறை என்று சொன்னவர்களுக்கு நன்றி. அது தெரியாமல் டிக்கெட் வரை போட்டிருப்பேன்.

அப்பா ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நேற்றுக் கேட்டேன். எங்கள் பூர்வீகம் ஒசூர் பக்கம். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி கூப்பிடு தூரம். தாத்தா அடிக்கடி ஒரு கதை சொல்வாராம். கவர்னர் ஜெனரலாக அந்த மாளிகைக்குப் போன ராஜாஜி, வைஸ்ராய் இருந்த பெரிய அறைகள் வேண்டாம் என்று ஓரமாகச் சின்னப் பகுதியில் தங்கிக்கொண்டார், நாட்டில் உணவுப் பஞ்சம் என்பதால் வளாக நிலத்தில் ஏர் பிடித்துக் கோதுமை போட்டார் என்று. 'நம்ம ஊர்க்காரர் கோதுமை விதைத்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும்மா' என்கிறார். இது நிஜம்தானா, அல்லது தாத்தா கட்டிவிட்டதா?

ரயில்பித்தன்:
நிஜம்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஏமாற்றம் வரக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். அவர் தங்கிய பகுதியில்தான் பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் குடியிருந்தார்கள். வீட்டுப் பகுதியை யாருக்கும் காட்ட மாட்டார்கள். கோதுமை வயல் இப்போது இல்லை. தோட்டம் (முகலாயத் தோட்டம் என்றிருந்தது, 2023இல் அமிர்த உத்யான் ஆயிற்று) பொதுமக்களுக்கு முக்கியமாகத் திறப்பது பிப்ரவரி, மார்ச்சில். நீங்கள் போவது டிசம்பர். ஆக, அவர் பார்க்க விரும்புவது எதுவும் கண்ணில் படாது. முழங்கால் வலியோடு கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, வழிகாட்டி சொல்லும் இந்தியையும் ஆங்கிலத்தையும் கேட்டுவிட்டு வெளியே வருவார். இதற்கா?

கரோல்பாக் வாசி:
எதுவும் கண்ணில் படாது என்பதை ஒப்ப மாட்டேன். தர்பார் ஹால் என்று ஒரு வட்டக் கூடம், 2024இல் கணதந்திர மண்டபம் என்று பெயர் மாற்றினார்கள். 1947 ஆகஸ்ட் 15 காலையில் நேரு அமைச்சரவை பதவியேற்றது அங்கேதான். 1948 ஜூனில் ராஜாஜி கவர்னர் ஜெனரலாகப் பதவிப் பிரமாணம் எடுத்ததும் அதே கூடத்தில். சுற்றிப் பார்க்கும் வழியில் அது வரும்.

ஒரு முறை என் மாமனாரைக் கூட்டிப் போயிருந்தேன். மற்றவர்கள் தலையை நிமிர்த்திச் சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் குடியரசுத் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் புத்தரையே பார்த்தார். குப்தர் காலச் சிலை, அபய முத்திரை. வைஸ்ராய்களுக்குச் சிம்மாசனம் போட்டிருந்த பக்கம் அது. 'யாரைக் கொண்டுவந்து எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் பார்த்தீர்களா மாப்பிள்ளை' என்றார். வெளியே வந்தும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார். வழிகாட்டி என்ன மொழியில் பேசினார் என்று அவருக்கு நினைவே இல்லை.

மண்வெட்டி:
புத்தர் விஷயம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. போகிறவர்கள் போங்கள். பையனிடம் மால்ச்சாவையும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், அவ்வளவுதான் என் கட்சி.

பூண்டுரசம்:
நடுவில் ஒரு கேள்வி. கோட்டை அருங்காட்சியகம் போயிருக்கிறீர்களா யாராவது? நம் சென்னையில், தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக் கொடிமரத்தில் ஏற்றிய கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து எட்டி நடக்கிற தூரம். இத்தனை பேர் இவ்வளவு பேசுகிறோம், ஒருவரும் போயிருக்க மாட்டோம். நானும் போனதில்லை, தெரிந்தவர் சொன்னது.

ரயில்பித்தன்:
பூண்டு, நான் போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு நாள் போனேன்.

சரி தெற்குவாசல், போவது என்று முடிவானால் இதையாவது கேளுங்கள். திங்கள் ஆக்ரா போய்விட்டு, மறுபடி டெல்லி வந்து வண்டி பிடிக்காதீர்கள். உங்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்டில் நிற்கும். ஏறும் ஊரை முன்கூட்டியே ஆக்ராவுக்கு மாற்றிவிடுங்கள். காலையிலேயே பெட்டிகளோடு ஆக்ரா போய், ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டுச் சுற்றுங்கள். கிளோக் ரூமுக்குப் பூட்டில்லாத பையை எடுத்துப் போனால் வாங்க மாட்டார்கள். பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவப்புக்கல்:
ஞாயிறு மாலை வெளிச்சம் இருந்தால் மாளிகை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அதற்கு வேறு பதிவு, வேறு வாசல். பழைய குதிரை லாயத்தையும் வண்டிக் கொட்டகையையும் மாற்றிக் கட்டியது. 1911 டெல்லி தர்பார் விழாவில் ஐந்தாம் ஜார்ஜ் உட்கார்ந்த வெள்ளி நாற்காலி இருக்கிறது, 640 கிலோ. பையனுக்குப் பிடிக்கும்.

ரயில்பித்தன்:
அதற்கும் நேரம் ஒதுக்கினால் செங்கோட்டையை அடுத்த பிறவியில்தான் பார்க்க வேண்டும்.

தெற்குவாசல்:
ஞாயிறு காலை முதல் நேரம் கிடைத்தது. ஐந்து இடம் போட முயன்றேன். கணவர் 'நாலு போதும்' என்றார். நாங்கள் உள்ளே இருக்கும்போது அவர் கர்த்தவ்ய பாதையில் நடந்து, கட்டடம் நிஜமாகவே மறைகிறதா என்று பார்க்கப் போகிறாராம். சிவப்புக்கல் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியது என் தப்பு.

அப்பாவிடம் வயலும் அறையும் பார்க்க முடியாது, பதவியேற்ற கூடம் மட்டும்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஆதார் கார்டைத் தேடி எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார். லேமினேஷன் பிரிந்திருக்கிறது, பெயர் தெரிகிறது. செல்லுமா?

பூண்டுரசம்:
புதிதாக ஒரு பி.வி.சி. கார்டுக்கு இன்றே பதிந்துவிடுங்கள், தபாலில் வந்துவிடும். வேர்க்கடலைக்காரன் அனுபவத்தில் சொல்கிறேன்.