ஊரடங்கில் உங்களை நடக்க வைத்தது எது? என் புளியங்கொட்டைக் கணக்கு

பெரம்பூர், 49 வயது

2020 பிப்ரவரியில் எனக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.1 சதவீதம் இருந்தது. 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு என்பார்கள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார். மாத்திரையைப் போட்டேன், நடக்கவில்லை. மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்து, பூங்காவையும் பூட்டியபோது எனக்கு உள்ளூர நிம்மதி. எங்கே போய் நடப்பது என்று கேட்க ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

மே மாதத்தில் அந்த நிம்மதி போயிற்று. சுகாதாரத் துறை மாலைதோறும் வெளியிட்ட அறிக்கையில் கொரோனாவால் இறந்தவர்களின் வயதும், அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோயும் இருக்கும். மீண்டும் மீண்டும் சர்க்கரை, ரத்த அழுத்தம். 'இணைநோய்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். பயந்துபோய் மொட்டை மாடிக்கு ஓடினேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். எட்டாம் நாள் குதிகால் வலி, பத்தாம் நாள் படுக்கை. பிறகு அந்த அறிக்கையும் பழகிவிட்டது. பயம் பழகியதும் நடையும் நின்றது.

அம்மாதான் வழி காட்டினார். புளியிலிருந்து எடுத்து வைத்திருந்த கொட்டைகளில் 25 எண்ணி ஒரு டம்ளரில் போட்டுக் கொடுத்தார். எங்கள் மாடி 40 அடி நீளம், 25 அடி அகலம். ஓரமாகச் சுற்றி வந்தால் 130 அடி, ஏறக்குறைய 40 மீட்டர். சுற்றுக்கு ஒரு கொட்டையை அடுத்த டம்ளருக்கு மாற்ற வேண்டும். முதல் டம்ளர் காலியானால் ஒரு கிலோமீட்டர். முதல் வாரம் ஒரு டம்ளருக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாளைக்கும் கால் வேண்டுமல்லவா?" என்றார்.

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த நாட்களில்தான் எதிர்வீட்டு மாடியில் ஒரு பெரியவர் நடப்பதைக் கவனித்தேன். பதினைந்து ஆண்டுகளாக எதிரெதிரே குடியிருந்தும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. "அது என்ன தம்பி டம்ளர்?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் அவர் கையில் ஒரு கிண்ணம் நிறையச் சோழிகள்.

அதன் பிறகு காலை ஐந்தரைக்கு நான் மாடியில் தென்படாவிட்டால், "தம்பி, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று தெருவைத் தாண்டிக் குரல் வரும். அந்த ஜூன் மாதத்தில் அது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. ஒருவர் ஒருநாள் கண்ணில் படாவிட்டால் என்ன நினைப்போம் என்பது அப்போது சென்னையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு அலுப்பாக இருக்கிறது என்பதற்காக ஒரு மனிதரை அப்படிக் கலங்கவைக்க மனம் வரவில்லை. அதனால் எழுந்தேன். பெரும்பாலான நாட்களில் வேறு காரணமே இல்லை.

செப்டம்பரில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.9. மாத்திரைக்கும், இரவுச் சோற்றைக் குறைத்ததற்கும் இதில் பங்கு உண்டு. உங்களை எழுப்பியது எது என்று சொல்லுங்கள்.

சோழிங்கநல்லூர், 31 வயது

எங்கள் அடுக்ககத்தில் மாடிக் கதவையே பூட்டிவிட்டார்கள். நாள் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ததில் இடுப்பு போய்விட்டது. ஆகஸ்ட் 10 முதல் உடற்பயிற்சிக் கூடங்களைத் திறந்தார்கள். மூடிய அறையில் பத்துப் பேரோடு மூச்சு வாங்க எனக்குத் துணிவில்லை.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மா தினமும் மாலை ஏழு மணிக்கு அழைப்பார். ஒருநாள் இடுப்பு வலி தாங்காமல் எழுந்து, சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே பேசினேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் அப்படிப் பேசினால் 150 நிமிடம். பெரியவர்களுக்குக் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நடையில் கொஞ்சம் வேகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று அம்மா கேட்டார். காரணத்தைச் சொன்ன மறுநாளிலிருந்து அவரும் முற்றத்தில் நடந்துகொண்டே பேசுகிறார். இப்போது அவருக்கும் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கிறது.

வியாசர்பாடி, 42 வயது

நேரமில்லை என்பது சாக்கு என்று யாரும் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் ஏழு பேர். பள்ளி இல்லை, வேலை இல்லை, எல்லோருக்கும் நான்கு வேளையும் வீட்டில்தான் சாப்பாடு. ஐந்தரை மணிக்கு நான் மாடியில் இருந்தால் அடுப்படியில் யார் இருப்பது?

2021 மே மாதம், இரண்டாம் அலையில் எனக்குத் தொற்று வந்தது. குணமான பிறகும் இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு அடைத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும், 94-க்குக் கீழே போனால் நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும் என்றார் மருத்துவர். தண்ணீர்க் குடத்தைக் கணவர் தூக்கினார். இரவுச் சமையலையும் அவரே செய்தார். உடம்பு தேறிய பிறகும் அதை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. அந்த அரை மணி நேரம் இன்றுவரை என்னுடையது. தெருக்கோடி வரை நான்கு முறை போய் வருகிறேன். அதைக் கேட்டு வாங்க எனக்கு நோய் வரவேண்டியிருந்தது என்பதில்தான் வருத்தம்.

பெரம்பூர்

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்ல வேண்டும். நான் மாடியில் கொட்டை எண்ணிக்கொண்டிருந்த அத்தனை காலையிலும் கீழே அடுப்படியில் என் மனைவி இருந்தார். அவர் நடந்தாரா என்று நான் கேட்டதே இல்லை. இன்று கேட்கிறேன்.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சிலர் விசாரித்தீர்கள். 2020 டிசம்பர் 14 அன்று மெரினாவைத் திறந்தார்கள். அந்த வாரமே இருவரும் போனோம். தெருவுக்கு இரு பக்கம் நின்று கத்தாமல், பக்கத்தில் நடந்து பேசியது அதுதான் முதல் முறை. உழைப்பாளர் சிலையில் தொடங்கிக் காந்தி சிலை வரை நடந்தோம். முகக்கவசத்துக்குள் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் சோழிகள் குலுங்கும் சத்தம் வழி முழுக்கக் கேட்டது.