கிறிஸ்தவ நாவலாசிரியர் எப்படி வளர்கிறார்? மாயூரம் வேதநாயகம் பிள்ளையை முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி: மெழுகுதிரி

அனைவருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடிக்கு அருகில் ஒரு கடற்கரை ஊரில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பிறப்பால் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். கடந்த ஒன்பது ஆண்டுகளாக ஒரே நாவலைத்தான் எழுதியும் கிழித்தும் வருகிறேன். விசைப்படகு விபத்து ஒன்றில் தன் பங்கை மறைத்துப் பொய் சொன்ன ஓட்டுநர் ஒருவரின் கதை அது. அதில் ஒரு பகுதியைச் சிறுகதையாக்கிச் சமயப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். கதாநாயகன் கடைசிவரை மனந்திரும்பவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே கதையைச் சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்பியபோது, பிரசங்க வாடை அடிக்கிறது என்று பதில் வந்தது. ஒரே கதையைப் பற்றி இரண்டு தீர்ப்புகள்.

இந்த மனக்கசப்போடுதான் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். 1879இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்லிவரும் அந்த நூலை எழுதியவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆனால் கதையின் மாந்தர்கள் இந்துக்கள். அவர்கள் வாயில் வருவதெல்லாம் பொதுவாகக் "கடவுள்" என்ற சொல்தான். அவர் தம் விசுவாசத்தை ஒளித்துவைத்தாரா, அல்லது அது வேறெங்காவது வேலை செய்கிறதா? ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நாவல் வெளியிட்ட ஒருவர் அதுவரை என்ன பயிற்சியில் இருந்தார்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பழைய கட்டு

அம்மா, நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால் என் பதிலில் தொழில் பாசம் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த நாவல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தின் ஆவண அறையில் கருக்கொண்டது என்பது என் எண்ணம்.

1826இல் திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்த பிள்ளையவர்கள், அந்த நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பிறகு அங்கேயே மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் (உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி) ஆனார். சீர்காழியிலும் மாயூரத்திலும் (இன்றைய மயிலாடுதுறை) தொடர்ந்து முன்சீப்பாக இருந்தார். இடையில், 1859இல் நீதிநூலை வெளியிட்டார். அது முழுவதும் செய்யுள். அன்றைய புலவர் ஒருவர் மரியாதையாக எழுதவேண்டுமானால் செய்யுளில்தான் எழுதவேண்டும் என்ற வழக்கத்துக்கு அவரும் விலக்கல்லர்.

ஆனால் அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் (அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம்) வழங்கிய தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் அச்சிட்டார். ஆங்கிலம் தெரியாத வக்கீலும் கட்சிக்காரரும் தம் வழக்கின் சட்டத்தைத் தாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பயன். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும். ஒரு தீர்ப்பின் ஒற்றை வாக்கியம் பாதிப் பக்கம் ஓடும். அதற்குள் வாதியின் வாதம், பிரதிவாதியின் மறுப்பு, கீழ்க்கோர்ட்டின் முடிவு, அதற்கு விதிவிலக்கு எல்லாம் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். அதைத் தமிழில் அவிழ்க்கும்போது, யார் செய்தார், யாருக்குச் செய்தார், எப்போது செய்தார் என்ற மூன்றில் ஒன்று நழுவினாலும் ஒருவருடைய நிலம் போய்விடும். எதுகை மோனையைத் துணைக்கு அழைக்க முடியாத இடம் அது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே தம் நோக்கம் என்று நாவலின் முன்னுரையில் அவர் சொல்வது, இப்படிப் பல ஆண்டுகள் அந்தக் குறையோடு மல்லுக்கட்டியவரின் சொல்லாகவே எனக்குப் படுகிறது.

நாவலுக்குள்ளும் கோர்ட்டு வந்துவிடுகிறது. பிரதாப முதலியாரின் செருப்பு அறுந்துபோகிறது. செருப்புத் தைப்பவரிடம் கூலியாக இன்ன தொகை என்று பேசாமல், உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறார். வேலை முடிந்த பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அந்த மனிதருக்குச் சந்தோஷம் வருவதில்லை. வழக்காகி, முதலியார் சிறைக்கே போகிறார். நாட்டுப்புறக் கதைச் சாயல் கொண்டதுதான் இது. இருந்தாலும், ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைத் தளர்வாக விட்டால் என்ன நேரும் என்பதை மாதந்தோறும் பெஞ்சிலிருந்து பார்த்த முன்சீப்தான் அதை இவ்வளவு ருசியோடு சொல்ல முடியும். தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை அவர் அதே நூலில் சாடும் இடத்தையும் தவறாமல் படியுங்கள். அங்கே பேசுவது கதைமாந்தர் அல்லர், அவரேதான். கதைக்கு அது இடையூறு என்பதும் உண்மைதான்.

பதில் 2: காவிரி மணல்

பழைய கட்டு ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் செய்யுளிலிருந்து தீர்ப்புக்கும், தீர்ப்பிலிருந்து நாவலுக்கும் அவர் படிப்படியாக ஏறினார் என்று சொல்லும்போது கதை சற்று வழவழப்பாகிவிடுகிறது. நாவலுக்கு முந்தைய ஆண்டில், 1878இல், அவர் வெளியிட்டது சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள். அதாவது, உரைநடை கைகூடிய பிறகும் பாட்டை அவர் விட்டுவிடவில்லை. முதல் நாவலுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1887இல் வந்த இரண்டாம் நாவலான சுகுண சுந்தரி, குழந்தை மணத்தை எதிர்ப்பதில் துணிச்சலானதே தவிர, கதையாக முதல் நாவலைவிட மெலிந்தது என்பதே என் தீர்மானம். ஏறுமுகம் மட்டும் கொண்ட எழுத்து வாழ்க்கை யாருக்கும் அமைவதில்லை, அம்மா. ஒன்பது ஆண்டுகளை எண்ணிச் சோர்வடைய வேண்டாம்.

முதல் நாவலின் பலவீனமும் தற்செயலாக வந்ததன்று. முக்கியப் பாத்திரங்களைக் குறையற்ற நற்குணம் கொண்டவர்களாகவே படைத்திருப்பதாகவும், அதற்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தே துணை என்றும் அவரே முன்னுரையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அதனால்தான் பிரதாப முதலியாரின் மனைவி ஞானாம்பாள், ஆண் வேடத்தில் இருக்கும்போது பட்டத்து யானை மாலையிட்டு அரசாளும் நிலைக்கு வந்தாலும், தடுமாறுவதே இல்லை. தவறு செய்வதற்கும் முழிப்பதற்கும் சிறைக்குப் போவதற்கும் பிரதாப முதலியார்தான் கிடைத்தார். கதையைச் சொல்பவரும் அவரே என்பதால், தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் குரல் ஒன்று அமைந்து, நூலுக்கு உயிர் வந்தது. அந்தக் கேலிக்கு ஒரு முன்னோடியும் உண்டு. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் முட்டாள் குருவையும் சீடர்களையும் பார்த்துச் சிரிக்க வைத்தவரும் ஒரு கத்தோலிக்கத் துறவிதானே. உங்கள் கதையில் பிரசங்க வாடை அடிக்கிறது என்றால், ஒருவேளை அதில் சிரிப்பு குறைவாக இருக்கிறதோ என்னவோ. (படிக்காமலே சொல்கிறேன், மன்னிக்கவும்.)

பதில் 3: மாயவரத்துக்காரி

விசுவாசத்தை ஒளித்தாரா என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒளிக்கவில்லை; அதற்கு வேறொரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, பெரியநாயகி அம்மாள் பதிகம் ஆகியவை அவருடைய கத்தோலிக்கப் பக்தி நேரடியாகப் பேசும் நூல்கள். நாவலோ எங்கள் ஊர்த் தெருவில் எல்லாரும் படிப்பதற்காக எழுதியது.

அந்தத் தெருவில் யார் இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கிறிஸ்தவரான இந்த முன்சீப்பின் மேல் குளத்துக் கோவை என்று, கோவை என்னும் சிற்றிலக்கிய வகையில் ஒரு முழு நூலே பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் நெருங்கிய நண்பர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றியதைக் கண்டு, "நீயே புருஷ மேரு" என்று பாரதியார் பாடினார். பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில்தான் நாவல் அச்சாகிறது. பசித்தவனுக்குக் கொடுப்பது, பெண்ணைப் படிக்க வைப்பது, பொய்ச் சாட்சி சொல்லாதிருப்பது என்று நாவல் ஓயாமல் வற்புறுத்துபவை அவருக்குக் கிறிஸ்தவ வேதத்திலிருந்தும் வந்தன, குறளிலிருந்தும் வந்தன. இரண்டையும் பிரித்தெடுக்க நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

மெழுகுதிரி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. காவிரி மணல் அவர்களே, மன்னிப்பெல்லாம் வேண்டாம். கதையில் ஒரு சிரிப்புக்கூட இல்லை என்பது உண்மைதான். நேற்றிரவு எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பழைய கட்டு ஐயாவின் பதிலைப் படித்த பிறகு ஒரு வேலை செய்தேன். என் ஓட்டுநர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் இடம்) மண்டியிட்டு அழும் பதினொரு பக்கங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே இரவைப் பற்றிக் காவல் நிலையத்தில் அவர் கொடுக்கும் வாக்குமூலமாக எழுதத் தொடங்கினேன். யார் சுக்கான் பிடித்தார், விளக்கு எப்போது அணைந்தது, எத்தனை பேர் நீந்தினார்கள் என்று கேள்விக்குப் பதிலாக மட்டும். மூன்றாம் பக்கத்தில் அவர் விளக்கைப் பற்றிப் பொய் சொல்கிறார். எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டு அந்த இடத்தில் பேனாவுக்கு மை உதறுகிறார். அதற்கு மேல் இன்னும் போகவில்லை.

சித்தாந்த சங்கிரகத்தின் பழைய பதிப்பை எந்த நூலகத்தில் யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? கோடை விடுமுறையில் சென்னை வருகிறேன். இரண்டு தீர்ப்புகளையாவது கையால் பெயர்த்து எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.