ப்ளஸ் டூ முடித்த கையோடு இறையியல் கல்லூரியா, டிகிரி முடித்துவிட்டா?

பொதிகைச்சாரல்:
மகன் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தான். நல்ல மார்க். கடையில் வேலை பார்க்கிற அவன் சிநேகிதன் வரைக்கும் என்ஜினியரிங் கவுன்சலிங் பற்றிப் பேசுகிறார்கள், இவன் மட்டும் ஐயராக, அதாவது சபைப் போதகராகப் போகிறேன் என்று நிற்கிறான். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). என் தாத்தா சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) உபதேசியாராக, ஐயருக்கு உதவி ஊழியராக இருந்தவர், அதனால் எனக்குச் சந்தோஷம்தான். அவன் அப்பாவோ, "முதலில் ஒரு டிகிரி கையில் இருக்கட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ" என்கிறார். செராம்பூர் பி.டி. என்கிற இறையியல் பட்டப் படிப்புக்கு ப்ளஸ் டூவோடு போனால் 5 ஆண்டு, டிகிரியோடு போனால் 4 ஆண்டு என்று விசாரித்ததில் சொன்னார்கள். படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய மாணவன்:
அக்கா, கணக்கை முதலில் போட்டுவிடுவோம். ப்ளஸ் டூவோடு போனால் 22 வயதில் வெளியே வருவான். டிகிரி மூன்று ஆண்டு, பி.டி. நான்கு ஆண்டு என்றால் 24. வித்தியாசம் இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்துக்கு அவனுக்கு ஒரு கல்லூரி வாழ்க்கையும், சபைக்கு வெளியே நான்கு நண்பர்களும், இன்னொரு டிகிரியும் கிடைக்கும். நான் 17 வயதில் நேராகப் போனவன். திருமண்டலம்தான் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின் நிர்வாகம்) சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பியது. படித்து முடித்து வந்தபோது திருமண்டலத் தேர்தல் நடந்து, எனக்குக் கடிதம் கொடுத்த அணி தோற்றிருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு நான் "அந்த அணிப் பையன்". மூன்று வருஷம் காத்திருந்தேன். வங்கித் தேர்வு எழுதலாம் என்றால் விண்ணப்பத்தில் டிகிரி என்ற கட்டத்தில் என்ன போடுவது என்றே தெரியவில்லை. கடைசியில் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. சேர்ந்தேன். அப்பா சொல்வது சரி.

மேசியாதாசன்:
சகோதரிக்கு ஸ்தோத்திரம். டிகிரியும் வேண்டாம், பி.டி.யும் வேண்டாம். அப்போஸ்தலர் 4:13 வாசியுங்கள். பேதுருவும் யோவானும் "படிப்பறியாதவர்கள்" என்றுதான் எழுதியிருக்கிறது. ஊழியத்துக்கு அழைப்பும் அபிஷேகமும்தான் தகுதி. அந்தக் கல்லூரிகளில் முதல் வருஷமே வேதாகமத்தின் முதல் ஐந்து புஸ்தகங்களான ஐந்தாகமங்களை மோசே எழுதவில்லை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். விசுவாசத்தோடு உள்ளே போன பிள்ளைகள் சந்தேகத்தோடு வெளியே வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிரேக்கக்காரி:
மேசியாதாசன் அண்ணா, அந்த ஐந்தில் கடைசியான உபாகமம் 34ஆம் அதிகாரத்தில் மோசே செத்து, அடக்கம் பண்ணி, முப்பது நாள் துக்கம் கொண்டாடி முடிக்கிறார்கள். அதை மோசேதான் எழுதினாரா என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளையே கேட்கும். அதைக் கேட்க ஓர் இடம் வேண்டும் இல்லையா? பேதுரு படிக்கவில்லை, சரி. ஆனால் பவுல், யூதப் போதகர் கமாலியேலின் பாதத்தில் படித்தவர். சிறையில் குளிரில் கிடக்கும்போதும் மேலங்கியோடு புஸ்தகங்களையும், "விசேஷமாய்த் தோற்சுருள்களையும்" எடுத்து வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

நானும் ப்ளஸ் டூ முடித்து நேராகப் போனவள்தான். பழைய மாணவன் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்வேன்: இப்போதே அனுப்புங்கள். ஒரே காரணம், மொழி. எபிரெயத்தில் வினைச்சொல் வாய்பாடு, கிரேக்கத்தில் வேற்றுமை உருபு இதெல்லாம் 17 வயதில் பாட்டு மாதிரி ஏறிவிடும். என் வகுப்பில் 26 வயதில் வந்த அண்ணன் ஒருவர் இராத்திரி ஒரு மணி வரை விளக்கைப் போட்டு மனப்பாடம் செய்வார், காலையில் பாதி போயிருக்கும்.

மேசியாதாசன்:
தமிழ் வேதாகமம் இருக்கும்போது கிரேக்கம் எதற்கு? யோவான் 21ஐ வைத்து நானும் பிரசங்கித்திருக்கிறேன். இயேசு அகாப்பே அன்பைக் கேட்கிறார், பேதுரு பிலியோ நேசத்தைத்தான் கொடுக்கிறார். இதைத் தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் தேவையில்லை, ஒரு யூடியூப் செய்தி போதும்.

கிரேக்கக்காரி:
நீங்களே வாயைக் கொடுத்துவிட்டீர்கள் அண்ணா. யோவான் 3:35ஐயும் 5:20ஐயும் எடுங்கள். இரண்டிலும் பிதா குமாரனிடத்தில் அன்பாயிருப்பதுதான் பேச்சு. நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் "அன்பாயிருந்து" என்றே வரும். கிரேக்கத்தில் முதலாவது அகபாவோ (அகாப்பேயின் வினைச்சொல்), இரண்டாவது பிலேயோ. பிலேயோ தரம் குறைந்த அன்பு என்றால், பிதா குமாரன்மேல் வைத்த அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் குறைந்துபோனதா? யோவானுக்கு ஒரே பொருளுக்கு இரண்டு சொல் மாற்றிப் போட்டு எழுதுவது பழக்கம் என்றுதான் பலரும் படிக்கிறார்கள். 21ஆம் அதிகாரத்திலேயே ஆட்டுக்குட்டி, ஆடு. மேய்ப்பாயாக என்பதற்கும் மூலத்தில் இரண்டு வினை. அரைகுறைக் கிரேக்கத்துக்கு யூடியூப் போதும், நான் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய மாணவன்:
இந்த இடத்தில் நான் கிரேக்கக்காரி பக்கம். படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருஷப் பிறப்பு ஆராதனையில் இராத்திரி பன்னிரண்டு மணிக்கு, புது வருஷத்துக்கு ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் எரேமியா 29:11 வந்தால் வீடே சந்தோஷப்படும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு மேலே உள்ள பத்தாம் வசனத்தை எந்த அட்டையிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று வாக்குக் கொடுக்கிறான். ஜனங்களுக்கு அவனைத்தான் பிடித்திருக்கும். எரேமியாவோ பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அங்கேயே இருங்கள் என்று கடிதம் எழுதுகிறார். இதைச் சபையில் நின்று சொல்ல ஐயருக்குப் படிப்பும் வேண்டும், வயதும் வேண்டும். 22 வயதுப் பையன் சொன்னால் முன்வரிசைப் பெரியவர்கள் காணிக்கைத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சாந்தோம்வாசி:
எங்கள் கத்தோலிக்கப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்சபைச் சட்டப்படி 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது. மெய்யியலும் இறையியலும் சேர்த்து முழுதாக 6 ஆண்டு. நடுவில் பங்கிலோ பள்ளியிலோ களப்பணிக்கும் அனுப்புகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் என்பது எங்களுக்குக் கேள்வியே இல்லை.

கிரேக்கக்காரி:
வயதுதான் தகுதி என்றால் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது 23, 24தான் இருக்கும். ஜெர்மனியில் ஹாலேயில் கொஞ்ச காலமே படித்தவர். இங்கே வந்து சின்னப்பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். பத்து வருஷத்துக்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார்.

இன்னொன்று. "உள்ளேயே வளர்ந்து உலகம் தெரியாமல் வருவான்" என்கிற பயம். அது கல்லூரியைப் பொறுத்தது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் தொடங்கியதிலிருந்து தமிழிலேயே பாடம் நடத்துகிறது. பரட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு அங்கேதான் பறையையும் கிராமத்துப் பாட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். தலித் இறையியல், பெண்ணிய இறையியல், மற்ற மதங்கள் எல்லாம் பாடத்திட்டத்திலேயே உண்டு. நான் ஊரில் இருந்த 17 வருஷத்தில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஏன் தனி ஆலயம் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கல்லூரிக்குப் போன முதல் லீவில் கேட்டேன். அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டார்.

பழைய மாணவன்:
அதெல்லாம் உண்மை. ஆனால் தங்கச்சி, உனக்குக் குருப்பட்டம் கிடைத்ததா?

கிரேக்கக்காரி:
இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு அப்புறமாக பி.ஏ., பி.எட். படிக்க வேண்டியிருந்தது. 2013இல் புஷ்ப லலிதா அம்மா நந்தியாலில் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் ஆனார், அதனால் வழி இல்லை என்று சொல்ல மாட்டேன். என் விஷயத்தில் கடிதம் நகரவில்லை, அவ்வளவுதான்.

பழைய மாணவன்:
அப்படியானால் நீயும் இரண்டாவது டிகிரி வாங்கியிருக்கிறாய்!

கிரேக்கக்காரி:
வாங்கினேன். ஆனாலும் 17 வயதில் படித்த கிரேக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்கா, எங்கே சேர்த்தாலும் பி.டி. பட்டம் கொடுக்கிற செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரியா என்று பாருங்கள். செராம்பூர் 1827இல் டென்மார்க் அரசர் சாசனம் கொடுத்த கல்லூரி. உங்கள் சபை குருப்பட்டத்துக்கு எந்தப் படிப்பை ஏற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் கொடுக்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள், கன்வென்ஷன் போஸ்டர் பார்த்தால் தெரியும்.

மேசியாதாசன்:
போஸ்டர் விஷயத்தில் மட்டும் தங்கச்சியோடு ஒத்துப்போகிறேன்.

பொதிகைச்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. இராத்திரி அவனை உட்காரவைத்து எரேமியா 29ஐ முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, "அம்மா, அப்போ அந்தக் கடிதம் வாங்கின பெரியவங்க யாருமே ஊருக்குத் திரும்பிப் போகலையா?" என்று கேட்டான். அவன் அப்பா டிவியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்கு ஐயரைப் பார்க்கப் போகிறோம். பி.ஏ. சேர்ந்தால் கிரேக்கத்தை மாலையில் தனியாகப் படிக்க முடியுமா என்று அப்பா கேட்கப்போகிறார். பையன் இன்னும் பி.ஏ.வுக்குச் சரி சொல்லவில்லை.