மவுத் ஆர்கன் ரீடின் ‘கேப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

மவுத் ஆர்கனைச் சீர்செய்வோர் முதலில் கைவைப்பது ‘கேப்பிங்’கில்தான். சும்மா இருக்கும்போது, அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோகப் பட்டையான ரீடின் நுனி, அது பொருத்தப்பட்ட தகட்டைவிட்டுச் சற்றே மேலெழுந்து நிற்கும். அந்த அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் வேலை. ரீடுக்கு ‘நா’, அது தறையப்பட்ட தகட்டுக்கு ‘நாத்தகடு’ என்று வைத்துக்கொள்வோம். நாகசுரத்தின் சீவாளி என்பது பொருந்தாது. அது ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் இரட்டை நாணல். இதுவோ எதிலும் முட்டாமல் துளைக்குள் போய்வரும் ஒற்றை உலோக நா, ஆர்மோனியத்தில் இருப்பதைப் போல. ‘கேப்’புக்கு ‘இடைவெளி’ போதும் என்பது என் முன்மொழிவு.

—

> ‘இடைவெளி’ போதும்

போதாது ஐயா. ஒரே நாவுக்கு இரண்டு இடைவெளி உண்டு. ஒன்று நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே, மேல்கீழாக. மற்றொன்று நாவின் பக்கவாட்டுக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே. இது மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். முன்னதை வளைத்துச் சரிசெய்கிறோம், பின்னதைத் தகட்டைத் தேய்த்து. ‘இடைவெளியைக் குறைக்கவும்’ என்று எழுதினால் படிப்பவர் எதைக் குறைப்பார்?

முன்னதற்கு ‘தூக்கல்’ என்கிறேன். ரசத்தில் உப்பு தூக்கல் என்பதுபோல, கூடுதல் என்ற பொருளும் ஒட்டி வருவது வசதி. தூக்கல் மிகுந்தால் மூச்சு வீணாகும், மெல்ல ஊதினால் நா பேசாது. குறைந்தால், ஓங்கி ஊதியதும் நா துளையிலேயே அடைத்துக்கொண்டு ஊமையாகும். நுனியின் தடிமன் அளவே தூக்கல் என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. உச்சச் சுரங்களுக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ.; வாய்வைத்து ஊதும் முதல் துளையின் தடித்த நாவுக்கு அதைப்போல மூன்று மடங்குகூட ஆகலாம். ஓங்கி வாசிப்பவருக்குச் சற்றுக் கூடுதலாக.

பின்னதற்கு ‘இடுக்கு’. நா போய்வரும் துளையை ‘நாவாய்’ என்றுதான் முதலில் தோன்றியது. கப்பல் வந்து நிற்கிறது! சல்லடைக்கு இருப்பதுபோல ‘கண்’ என்று விடலாம்.

—

தூக்கல் எனக்கும் சம்மதம். ஆனால் ‘நுனித்தூக்கல்’ என்று இடத்தையும் சேர்க்க வேண்டும். தறையாணியருகே நா தகட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அங்கே எழும்பியிருந்தால் (அது ‘அடித்தூக்கல்’) நுனியை எவ்வளவு தாழ்த்தினாலும் காற்று அடிவழியே கசியும், நா சோம்பலாகவே எழும். பலரும் நுனியை மட்டும் அழுத்திவிட்டு, கருவியே மட்டம் என்பார்கள். அடியை முதலில் விரல்நகத்தால் அமர்த்திவிட்டுத்தான் நுனிக்கு வரவேண்டும். ஒவ்வொரு வளைப்புக்குப் பிறகும் நாவை நுனியில் இரண்டு மூன்று முறை சுண்டிவிடுங்கள். சுண்டியபின் நிற்கும் நிலைதான் கணக்கு.

இழு நாக்கள் (மூச்சை உள்ளிழுக்கும்போது ஒலிப்பவை) கீழ்த்தகட்டின் வெளிப்புறத்தில். மூடியைக் கழற்றியதும் தெரியும். ஊது நாக்கள் மேல்தகட்டின் உட்புறத்தில், சீப்புக்குள் (இரு தகடுகளுக்கும் நடுவே காற்றறைகள் கொண்ட சட்டம்). கண்வழியே பல்குச்சியால் தள்ளினால் ஊது நாவுக்குத் தூக்கல் கூடும், குறையாது. குறைக்கத் தகட்டைக் கழற்றுவதே நல்லது. ஹோனர் நிறுவனத்தின் ஸ்பெஷல் 20 மாடலில் திருகுதான், சிக்கலில்லை. அவர்களின் பழைய பாணி மரீன் பேண்ட் மாடலில் ஆணி. மெல்லிய கத்தியால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பாவிட்டால் தகடு வளைந்துவிடும்.

—

அப்படியானால் ‘எம்பாசிங்’குக்கு? நம் கலைச்சொல் பட்டியலில் ‘புடைப்பு’ என்று போட்டிருக்கிறது.

—

அது ஆங்கிலச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு, செயலுக்கு அல்ல. அங்கே எதுவும் புடைப்பதில்லை. உருண்டையான வழவழத்த கருவியைக் கண்ணின் விளிம்போடு அழுத்தி இழுக்கிறோம். பித்தளை இம்மியளவு உள்ளே நகர்ந்து இடுக்கு சிறுக்கிறது. எனவே ‘இடுக்கு நெருக்கல்’. அளவு மீறினால் நா விளிம்பில் உரசிக் கரகரக்கும். 0.05 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய தகட்டுத் துண்டை இடுக்கில் விட்டு ஒருமுறை ஓட்டினால் உரசும் பிசிறு அகலும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நாவின் இருபுறமும் ஒரே அகலக் கீற்று தெரியவேண்டும்.

சுருதி சேர்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள். தூக்கலை மாற்றினாலே சுருதி கொஞ்சம் நகரும். நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். அடியில் ஆழமாகக் கீறினால் அந்த இடத்திலேயே நா ஒருநாள் முறியும். பட்டியலில் இதற்கு ‘சுரண்டல்’ என்று மட்டும் போடாதீர்கள், அரசியல் கட்டுரை ஆகிவிடும். ‘சுருதிச் சுரண்டு’ இருக்கட்டும்.